ஆறின எஞ்சின்

அய்யோ, அத தொடாதீங்க சார்! கைய எடுங்க, கைய எடுங்க. கத்திட்டேன், கோச்சுக்காதீங்க. ப்ரொப்பெல்லர்ல யார் கை வெச்சாலும் நான் கத்துவேன், எங்க சேர்மன்கிட்டயே கத்தியிருக்கேன். எஞ்சின் ஆஃப்லதான் இருக்குது, சாவி கூட என் பாக்கெட்ல. ஆனாலும் நக்கோ, வேணாம். கார் மாதிரி இல்ல சார் இது, ஓடறதுக்கு பேட்டரியே வேணாம். உள்ள மேக்னெட்டோன்னு ஒண்ணு இருக்குது, சுத்துனா போதும், அதுவே கரண்ட் உண்டாக்கி பிளக்குக்கு அனுப்பிடும். எங்கயாச்சும் ஒரு ஒயர் கழண்டு கெடந்து, நீங்க வெளயாட்டா அந்த ரெக்கைய ஒரு தள்ளு தள்ளுனீங்கன்னு வைங்க, பட்டுன்னு ஒரு சுத்து சுத்தும். கை போயிடும். வாங்க, இப்படி இந்த ஸ்டூல்ல உக்காருங்க. டயர் மேல சாயாதீங்க, பேன்ட்ல கிரீஸ் ஆயிடும்.

ஹவ், ஆமா, சாஹித்யா. தெரியாம என்ன, நல்லா தெரியும். இங்கதான் பைலட் ட்ரெய்னிங் எடுத்துக்கிட்டா, ஆறு வருஷம் ஆச்சு. உங்க பையனுக்குத்தான் பாத்திருக்கீங்க, இல்ல? கோயில் கமிட்டி ஸ்ரீனிவாசன் போன்ல சொன்னாரு, கரூர்லேந்து ஒரு பெரியவர் வருவாரு, பையன் சரத் இங்க ஐதராபாத்லயே கச்சிபௌலில சாஃப்ட்வேர்ல இருக்கான், பொண்ணைப் பத்தி ரெண்டு வார்த்த விசாரிக்கணுமாம், திரு, நீ அந்த ஏர்ஃபீல்ட்லயே கெடக்கறவன், நீயே சொல்லுன்னு. திருநாவுக்கரசுன்னு முழுசா கூப்புட இந்த ஊர்ல யாருக்கும் வாய் வராது. எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலயே வேலூர்லேந்து இங்க மிலிட்டரி வேலைக்கு வந்துட்டாங்க, திருமுல்கேரிலதான் வீடு. தமிழ் கொஞ்சம் அப்படி இப்படிதான் இருக்கும், பொறுத்துக்குங்க.

நான் இந்த பிளக்கெல்லாம் துடைச்சுக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பதினோரு மணிக்குள்ள மாட்டியாகணும். மொத்தம் எட்டு பிளக். சிலிண்டர் நாலுதான், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு. மேக்னெட்டோவும் அதே மாதிரி ரெண்டு, லெஃப்ட் ஒண்ணு, ரைட் ஒண்ணு. ஒண்ணு செத்தா இன்னொண்ணு வீட்டுக்கு கொண்டாந்து சேர்த்துடும். வானத்துல ஓரமா நிறுத்திட்டு பாக்க முடியாதில்ல, அதுக்காக.

நீங்க சுத்தி வளைச்சு கேக்கறது புரியுது சார். பையன் விவகாரம் ஏதாச்சும் இருந்துச்சா, அதனாலதான் பாதில அனுப்பிட்டாங்களான்னுதானே? கேக்க வேண்டியதுதான், தப்பில்ல. நானும் ஒரு பொண்ணைக் கட்டிக்குடுத்தவன். அப்ப மாப்ள வீட்டுக்காரங்க எங்க தெருவுல வந்து விசாரிச்சாங்க, எதிர்வீட்டு பாமா அக்கா என் பொண்ணு சின்ன வயசுல மண்ணு தின்னது வரைக்கும் சொல்லி அனுப்பிடுச்சு. அதனால நான் நேரா சொல்லிடறேன். அந்த மாதிரி ஒண்ணுமே இல்ல. எந்த கோயில்ல வேணா சூடம் அடிச்சு சொல்றேன். பாடம், ப்ளேன், வீடு, அவ்ளோதான். அப்பா பட்டான்செருல மருந்து கம்பெனில ஷிப்ட்டு, வீடு அந்தப் பக்கம். காலையில அஞ்சரைக்கு இங்க இருப்பா சார். அம்மாந்தூரம், இருட்டுல, ஸ்கூட்டில ஒத்தையா. ரிங் ரோட்டுல லாரிக்காரன் என்ன வேகத்துல போவான் தெரியுமில்ல? வந்து ஹெல்மெட்ட கழட்டி அதோ அந்த ஜன்னல்ல வெச்சுட்டு, குட் மார்னிங் அங்கிள்ன்னு ஒரு சிரிப்பு. பத்தொம்போது வயசு.

என்ன சொன்னீங்க?

ஸ்கூட்டி ஓட்டறதில்லயா? எப்பலேந்து? லைசென்ஸ் இருக்குதே அவகிட்ட... கேப்லதான் ஆபீஸுக்கு போறாளா. இல்லன்னா அப்பா கொண்டுபோய் விடறாரா.

ஓ.

இல்ல சார், ஒண்ணுமில்ல. பிளக் கை நழுவிடுச்சு. கீழ விழுந்த பிளக்க திரும்ப மாட்டக்கூடாது, இத தூக்கிப் போட வேண்டியதுதான். உள்ள பீங்கான் கண்ணுக்குத் தெரியாம விரிஞ்சிருக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும்.

வேற என்ன சொன்னா, பொண்ணு பாக்க போனப்போ? அவளே சொன்னாளா? எனக்கு தைரியம் பத்தல அங்கிள், பயந்துட்டேன், அதான் விட்டுட்டேன்னு? அவ வாயாலயா? எல்லார் முன்னாடியும்?

அதுக்கு உங்க வீட்ல என்ன சொன்னாங்க?

ம்ம். பயந்த சுபாவமா இருந்தா நல்லதுதான், வீட்டுக்கு அடக்கமா இருப்பான்னு சம்சாரம் சொன்னாங்களா. நீங்களும் அதான் சொல்றீங்க. அப்ப நீங்க இங்க வந்தது, அவ சொன்னது நெசமான்னு கேட்டுட்டுப் போகத்தான். நான் ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது, நீங்க சாயங்காலம் ட்ரெயின் ஏறிடுவீங்க. எனக்கும் நல்லது. எல்லாருக்கும் நல்லது.

இருங்க சார். எழுந்துக்காதீங்க. உக்காருங்க, ஒரு பத்து நிமிஷம். பிளக் கெடக்கட்டும்.

அந்தப் பொண்ணு பயந்தவ இல்ல.

நான் சொல்றத மெதுவா கேளுங்க. ட்ரெய்னிங்ல கொஞ்ச நாள் ஆனப்புறம் தனியா அனுப்புவாங்க. பக்கத்துல வாத்தியார் கெடையாது, ஒத்தையா ஓட்டிக்கிட்டு நாந்தேட் வரைக்கும் போய்ட்டு வரணும். இவளும் போனா, இதே மாதிரி ரெண்டு சீட்டு ப்ளேன்தான். மேடக் தாண்டி காடு வரும். அங்க போனதும் எஞ்சின் ஆடுதுன்னு பாதில திரும்பிட்டா. எறங்குனதும் கம்ப்ளெயின்ட் புக்குல அழகா எழுதுனா, கெளம்பி நாப்பது, நாப்பத்தஞ்சு நிமிஷத்துல ஆட்டம், திரும்பி எறங்கற வரைக்கும் இருந்துச்சுன்னு. எழுதுனது எங்கிட்ட வந்துச்சு. நான்தான் லைசென்ஸ் வெச்ச இஞ்சினியர், நான் பாத்து கையெழுத்து போட்டாதான் அது மறுபடி பறக்கும்.

நான் பாத்தேன். எப்ப பாத்தேன்? அங்கதான் சங்கதியே. மே மாசம் சார், ஐதராபாத் மே மாசம். எறங்கி வந்த எஞ்சின் மேல கை வெச்சா தோல் ஒட்டிக்கும். அதனால இங்க ஒரு பழக்கம், யாரும் எழுதி வெச்சதில்ல, ஆனா எல்லா ஏர்ஃபீல்ட்லயும் உண்டு. கம்ப்ளெயின்ட் எல்லாத்தையும் மறுநாள் காலையில ஆறு மணிக்கு பாக்கறது. வெயில் வராது, எஞ்சின் சில்லுன்னு இருக்கும், டீய குடிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட்டி பாக்கலாம். நானும் ஓட்டுனேன். லெஃப்ட் மேக்னெட்டோ நல்லா இருக்குது, ரைட் நல்லா இருக்குது. எழுதிட்டேன், தரையில் ஓட்டிப் பார்த்ததில் திருப்திகரமாக உள்ளது. இங்கிலீஷ்ல நாலு வார்த்த. கையெழுத்து.

ரெண்டாவது வாரம் மறுபடியும் அதே எடத்துல திரும்பிட்டா. நான் மறுபடியும் காலையில ஆறு மணிக்கு. திருப்திகரமாக உள்ளது.

சூடானா மட்டும் வர நோவு, ஆறிப்போனப்புறம் எப்படி சார் தெரியும்? சாயங்காலமானா ஜுரம் வர ஆள காலையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன மாதிரி. இது எனக்கு தெரியாதா? இருவத்தேழு வருஷ சர்வீஸ். தெரியும். ஆனா அந்த எடத்துல எனக்கு தோணல, இல்ல, தோணவே விடல. வாத்தியார் யோகேஷ் இருக்காரில்ல, அவரு அத எடுத்துக்கிட்டு இங்கயே இருவது நிமிஷம் வட்டம் அடிச்சுட்டு எறங்குவாரு, ஃபர்ஸ்ட் கிளாஸ் அண்ணான்னுவாரு. அவரு எறங்கற வரைக்கும் அது ஒழுங்காத்தான் இருக்கும். அப்புறம் கேன்டீன்ல நாங்க நாலு பேர் உக்காந்து சிரிச்சோம். நான்தான் சொன்னேன், ப்ளேன்ல ஒண்ணும் கோளாறு இல்ல, சீட்டுல உக்காந்திருக்கறதுலதான் கோளாறுன்னு. நல்ல ஜோக்குன்னு எல்லாரும் தட்டிக் குடுத்தாங்க. அது ஒரே நாள்ல ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சு.

மூணாவது தடவ என்ன பண்ணுனா தெரியுமா அந்தப் பயந்த பொண்ணு? காட்டு மேல, ஒத்தையா, ஆடற எஞ்சினோட, சாவிய ஒவ்வொரு பக்கமா திருப்பி, ஒவ்வொரு மேக்னெட்டோவா ஓட விட்டு பாத்திருக்கா. லெஃப்ட்ல மட்டும் ஓட விட்டா, எஞ்சின் ஒழுங்காயிடுச்சு. ரைட்ல மட்டும் விட்டா, அப்படியே மூச்சு தெணறி நிக்கப் போச்சு. டக்குன்னு பழையபடி திருப்பிட்டு, நேரா இங்க வந்து பூ மாதிரி எறக்குனா. கம்ப்ளெயின்ட் புக்குல எழுதுனா, ரைட் மேக்னெட்டோ சந்தேகம்னு. பத்தொம்போது வயசு பொண்ணு எனக்கு வியாதியோட பேரே எழுதி குடுத்தா சார்.

அதுக்கு யோகேஷ் என்ன பண்ணுனாரு? ஒத்தையா பறக்கும்போது சாவில கை வெக்க உனக்கு யார் சொன்னான்னு எல்லார் முன்னாடியும் கத்துனாரு. நான் என்ன பண்ணுனேன்? காலையில ஆறு மணி. நாலு வார்த்த. கையெழுத்து.

மூணு தடவ பாதில திரும்பியாச்சுல்ல, ஆபீஸ்ல விசாரணை கமிட்டி வெச்சுட்டாங்க. மனோதைரியம் பத்தாதுன்னு எழுதி ட்ரெய்னிங்க நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம், நூறு மணிநேரம் பறந்தா ஒரு செக் உண்டு, அது பண்ணும்போது அந்த ரைட் மேக்னெட்டோவ பிரிச்சு பாத்தேன். உள்ள காயில்ல மயிர் மாதிரி ஒரு விரிசல். சில்லுன்னு இருந்தா ஒட்டிக்கும், சூடானா பிரிஞ்சுக்கும். வேற மாட்டிட்டேன். அப்புறம் அந்த ப்ளேன் ஆடவே இல்ல.

இதுதான் சார். பொண்ணு மேல தப்பில்ல. என் மேலதான்.

நீங்க பெரிய மனசு பண்ணி சொல்றீங்க. தெரியாம நடந்தது, வேணும்னேவா பண்ணுனீங்க, பழைய கதைன்னு. உங்க மொகத்தப் பாத்தா நெசமாவே அப்படி நெனைக்கறீங்கன்னு தெரியுது. இத நான் இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்கேன், என் சம்சாரம் தங்கத்துகிட்ட, அப்புறம் ஸ்ரீனிவாசன்கிட்ட. அவங்களும் இதேதான் சொன்னாங்க. தெரியாம நடந்ததுக்கு எதுக்கு மனச போட்டு கொடையறன்னு. எனக்கும் அன்னிக்கு ராத்திரி நல்லா தூக்கம் வந்துச்சு.

ஸ்கூட்டி கூட ஓட்டறதில்லன்னு நீங்க சொன்னீங்க பாருங்க. அது என்னமோ பண்ணுது சார். ஏன் ஓட்டறதில்ல? வண்டில ஏதாச்சும் சத்தம் கேட்டா அவளுக்கு அது வண்டில வருதா மனசுல வருதான்னு தெரியாதில்ல. அவ காது பொய் சொல்லும்னு அவளுக்கு சொல்லிக் குடுத்தாச்சு. சொல்லிக் குடுத்தது யாரு?

அவ நம்பர் உங்ககிட்ட இருக்குமில்ல? போடுங்க சார். இப்பவே. நான் பேசணும்.

ஏன்? அட, கல்யாணம் முடியட்டும், இப்ப எதுக்கு கெளறணும்ங்கறீங்களா? அவ இந்தக் கத கேட்டா மறுபடி பறக்கறேன்னு கெளம்பிடுவாளோன்னு பயப்படறீங்களா? கெளம்பட்டுமே. கெளம்புனா உங்க சரத் வேணாம்னுடுவானா? அப்படி சொல்றவனா இருந்தா அதுவும் அவளுக்கு இப்பவே தெரியட்டும். மன்னிச்சுக்குங்க, பெரியவர்கிட்ட இப்படி பேசக்கூடாது. கோவம் உங்க மேல இல்ல.

நான் உங்ககிட்டயும் பாதிதான் சொன்னேன். தங்கத்துகிட்ட சொன்ன அதே பாதி.

நூறு மணிநேர செக்குல பாத்தேன்னேனில்ல. அப்ப பாக்கல. கமிட்டி அன்னிக்கு காலையிலயே பாத்துட்டேன். கமிட்டி ஒம்போது மணிக்கு. யோகேஷ் விடியக்காலையில அத எடுத்துட்டுப் போய் அரை மணி வட்டம் அடிச்சுட்டு வந்தாரு, ப்ளேன் நல்லா இருக்குன்னு கமிட்டில சொல்றதுக்காக. எறங்கி சாவிய எங்கிட்ட குடுத்துட்டு டிபனுக்கு போயிட்டாரு. எனக்கு ரெண்டு நாளா அவ எழுதுன வரி ஓடிக்கிட்டே இருந்துச்சு, ரைட் மேக்னெட்டோ சந்தேகம். சரி, எஞ்சின் சூடா இருக்கும்போதே பாத்துடுவோம்னு நான் ஏறி உக்காந்து இன்னொரு இருவது நிமிஷம் ஓட்டுனேன். ஆட ஆரம்பிச்சுது. சாவிய ரைட்டுக்கு திருப்புனேன். அவ எழுதுன மாதிரியே, அப்படியே, மூச்சு தெணறுச்சு.

ஆஃப் பண்ணிட்டு கையில கந்தைய சுத்திக்கிட்டு கழட்டிட்டேன். தேங்கா பெருசு இருக்கும், ரெண்டு கிலோவுக்கு மேல. கொண்டாந்து இந்த பெஞ்சுல, இதோ இந்த எடத்துலதான் உக்காந்தேன். என்ன ஓடுச்சு மண்டையில? மூணு கையெழுத்து. அடுத்த வாரம் டெல்லிலேந்து ஆடிட். சூடான எஞ்சின சில்லுன்னு பாத்தியா, மூணு தடவையும் அப்படியான்னு கேப்பான். ஆடற எஞ்சினோட ஒரு சின்னப் பொண்ண மறுபடி மறுபடி தனியா அனுப்பியிருக்கியேன்னு கேப்பான். லைசென்ஸ் போயிடும். அந்த ப்ளேன இனி யாரும் எடுக்கக்கூடாது, நூறு மணிநேர செக்குன்னு எழுதி ஓரமா நிறுத்திடுவோம், வேற மாட்டிடுவோம், யாருக்கும் ஆபத்தில்லன்னு கணக்கு போட்டேன். மத்தவங்க யாருக்கும் ஆபத்து வரலதான். அந்த கணக்குல இவ மட்டும்தான் வரல.

அப்ப வந்தா. எட்டே முக்கால் இருக்கும். வெள்ளச் சட்ட, தோள்ல பட்ட, தலைய இறுக்கி பின்னிக்கிட்டு. நான் கந்தைய அது மேல போட்டு மடியில மூடிக்கிட்டேன். அங்கிள், உங்கள ஒண்ணு கேக்கறேன், நெசமா சொல்லுங்க, அதுல ஏதாச்சும் இருக்குதா, இல்ல எனக்குத்தான் அப்படி தோணுதான்னா. நீங்க இருக்குன்னு சொன்னா அவங்க கேப்பாங்க, இல்லன்னு சொன்னா நான் கேட்டுக்கறேன்னா. யோகேஷ கேக்கல, சேர்மன கேக்கல. என்னை கேட்டா.

நான் சொன்னேன், ஒண்ணுமில்லம்மா. காட்டு மேல, தண்ணி மேல தனியா போறப்போ எல்லாருக்கும் எஞ்சின் சத்தம் மாறுற மாதிரி கேக்கும், அது மனசு பண்ற வேலைன்னேன். பைலட்டுங்க நெசமாவே அப்படி சொல்லுவாங்க சார், உள்ளதுதான். உள்ளத எடுத்து பொய்க்கு போத்திட்டேன். சரி அங்கிள், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னா. உள்ள போய் அவங்க கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாளாம், சார், நான் பயந்துட்டேன்னு நெனைக்கறேன்னு. அதான் உங்க வீட்லயும் சொல்லியிருக்கா. அது என் வார்த்த சார், அவ வார்த்த இல்ல.

போகும்போது மடியப் பாத்து, அது என்ன அங்கிள்ன்னு கூட கேட்டா. வேற வண்டியோடதும்மான்னேன். எஞ்சின்லேந்து எடுத்து அஞ்சு நிமிஷம் கூட ஆகல, கந்தைய தாண்டி தொட எரிஞ்சுது. அவ கதவ தாண்டி போற வரைக்கும் நான் அத மடியிலேந்து எடுக்கல.

போடுங்க சார், நம்பர போடுங்க.